நீராவிக்கு ஆறில் ஒன்று

கனடா தேசத்தின் கால்கரி நகரத்தில் ஒரு விசித்திரமான பண்டகசாலை இருக்கிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதை நடத்திவருகிறது. எண்ணெய்க்காகவும் எரிவாயுவுக்காகவும் அந்த மாகாணத்தில் பூமியைத் துளைத்தவர்கள் வெளியே எடுத்த பாறையும் மணலும், கரும்புத் துண்டுகளைப்போல் நீண்ட உருளைகளாக, பெட்டி பெட்டியாக அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்ன கிணற்றின் மண் வேண்டும் என்று கேட்டால், பெட்டிகளைக் கொண்டுவந்து நீண்ட மேஜைகளின் மீது வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். பூகர்ப்ப சாஸ்திரி ஒருவர் பூதக்கண்ணாடியுடன் அந்த மேஜையோரமாக நடந்து முடித்தால், பூமிக்குள் படிப்படியாக இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததற்குச் சமானம்.

மாகாணத்தின் வடபகுதியிலிருந்து வந்த பெட்டியானால், தார் போட்ட புதுச் சாலையின் வாசனை அதில் அடிக்கும். நெடுக்கில் இரண்டாகப் பிளந்த அந்த உருளையின் முகம் காப்பிக் கசடைப்போலக் கறுத்திருக்கும். நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று ஒட்டும். கறுப்பின் நடுவே சாம்பல்நிறக் கோடுகள் சில ஓடும். அவற்றுள் ஒன்று நூல் கனமாக இருக்கும். மற்றொன்று இரண்டு விரற்கடை அகலம் இருக்கும். கறுப்பாக இருப்பது எண்ணெய் ஊறிய மணல். சாம்பல்நிறமாக இருப்பது வெறும் களிமண். ஆயினும், கோடிக்கணக்கான டாலரை அந்தப் பூமியில் போடப்போகிறவரின் உறக்கத்தைக் கெடுப்பது கறுப்பு மணலன்று, இந்தச் சாம்பல்நிறக் கோடுதான். உருளையின் குறுக்களவு அரைச் சாண்கூட இராது. அந்தச் சிறிய வட்டத்துக்குள் தெரியும் களிமண், அதற்கு அப்பால் பத்தடி தூரத்தில் மறைந்துவிடுகிறதா, அல்லது ஒரு மைல் தூரத்துக்குத் தகடுபோல் விரிந்து கிடக்கிறதா என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அதை அநுமானித்துக்கொண்டுதான், நாற்பது ஆண்டு நடக்கவேண்டிய ஒரு தொழிலுக்குத் திட்டம் போடவேண்டும்.

அந்தத் தொழில், நீராவியைப் பூமிக்குள் செலுத்தி மணலிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பது. அதை எண்ணெய் எடுக்கும் தொழில் என்று உலகம் சொல்லுகிறது. அதற்குத் திட்டம் வகுப்பவர்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, அது பெரும்பாலும் உஷ்ணத்தின் வரவு செலவுக் கணக்காகவே இருக்கிறது. எவ்வளவு சூட்டைப் பூமிக்குள் அனுப்பினோம், அதில் எவ்வளவு எண்ணெயைத் தொட்டது, எவ்வளவு வீண் போயிற்று என்ற இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே மற்ற எல்லாம் அமைகின்றன.

கருநிற மணலின் பூர்வோத்தரம்

ஆல்பர்ட்டாவின் வடபாகத்தில் அத்தபாஸ்கா, கோல்ட் லேக், பீஸ் ரிவர் என்று மூன்று பிரதேசங்களில் இந்த எண்ணெய் மணல் கிடக்கிறது. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,40,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம். அவற்றில் இன்றைய முறைகளைக்கொண்டு எடுக்கக்கூடியது சுமார் 16,000 கோடி பீப்பாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு நதிகளும் கழிமுகங்களும் கொண்டுவந்து குவித்த மணலில், பிற்காலத்தில் எண்ணெய் வந்து ஊறியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதன் லேசான பாகங்களை யுகக்கணக்காகத் தின்று தீர்த்துவிட, எஞ்சிய கனமான பாகமே இன்று பிட்டுமென் என்று வழங்குகிறது.

அந்நாட்டின் பூர்வகுடிகளுக்கு இது புதிய பொருளன்று. நதிக்கரையில் தானாகக் கசியும் இந்தக் கீலை மரப்பிசினோடு சேர்த்துக் காய்ச்சித் தங்கள் தோணிகளின் பொத்தல்களை அடைத்துவந்தார்கள். 1719-ஆம் ஆண்டில் வாபாசு என்னும் கிரீ இனத்தவர் இதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்த வெள்ளை வியாபாரிகளிடம் காட்டினார் என்பது அவர்களுடைய குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. இருந்தும், இதைத் தொழிலாக்க மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கார்ல் கிளார்க் என்ற ரசாயன நிபுணர் 1920-களில், மணலைச் சுடுநீரில் அலசி எண்ணெயைப் பிரிக்கும் முறையைச் செப்பனிட்டார். அதைப் பின்பற்றி 1967-இல் முதலாவது பெரிய சுரங்கம் திறக்கப்பட்டது.

ஆனால், சுரங்கம் வெட்டுவதற்கு மேலே கிடக்கும் மண் சுமார் 75 மீட்டருக்கு உட்பட்டு இருக்கவேண்டும். அத்தகைய நிலம் மிகவும் சொற்பம். எடுக்கக்கூடிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு, வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அங்கே உஷ்ணநிலை பத்து டிகிரியை ஒட்டியது. அந்தக் குளிரில் பிட்டுமென், உறைந்துபோன வெல்லப்பாகைக் காட்டிலும் கெட்டியானது; தண்ணீரைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகமான பிசுக்கு உடையது. குழாயை இறக்கிவிட்டு எத்தனை யுகம் காத்திருந்தாலும் ஒரு சொட்டு வராது. இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினாலோ, அதே பொருள் சமையல் எண்ணெய்போல் ஓடத் தொடங்கும். பூமிக்குள் இருக்கும் ஒரு மணல்மேட்டை அவ்வளவு சூட்டுக்கு ஏற்றுவது எப்படி என்பதே பிரச்சினை.

மேலே ஏறும் ஆவி, கீழே இறங்கும் எண்ணெய்

இட்லிக் கொப்பரையில் இட்லி வேகும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். ஆவி மாவைத் தொட்ட இடத்தில் நீராக மாறுகிறது. அப்படி மாறுகிற கணத்தில், தன்னுள் ஒளித்துவைத்திருந்த உஷ்ணம் முழுவதையும் மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணம், கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்குவதற்குச் செலவாகிறது. ஆவி குளிர்ந்தால் அவ்வளவும் திரும்பக் கிடைக்கும். ஆகையால் உஷ்ணத்தைச் சுமந்து செல்வதற்கு நீராவியைப்போன்ற மலிவான வாகனம் வேறில்லை.

இந்த உண்மையையும் பூமியின் ஈர்ப்பு சக்தியையும் ஒன்றாகப் பிணைத்தவர் ரோஜர் பட்லர். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய ரசாயனப் பொறியியல் நிபுணர் அவர். இம்பீரியல் ஆயில் கம்பெனியில் இருந்தபோது 1960-களின் இறுதியில் அவருக்கு இந்த யோசனை உதித்தது. மணல் படுகையின் அடிப்பாகத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஏறத்தாழ ஐந்து மீட்டர் இடைவெளியில், இரண்டு கிணறுகளைப் படுக்கைவாட்டில் தோண்டவேண்டும். மேல்கிணற்றில் நீராவியைச் செலுத்தினால் அது மணலினூடே மேலே ஏறும். ஏறி, குளிர்ந்த மணலைத் தொட்டவுடன் நீராகும். அங்கே இளகிய எண்ணெயும் அந்த நீரும் சேர்ந்து, ஆவி நிறைந்த அறையின் சரிவான சுவர்களின் வழியாக வழிந்து, அடியிலுள்ள கிணற்றுக்கு வந்து சேரும். ஆவி அறை நாளுக்கு நாள் உயர்ந்து விரியும். எண்ணெயை எவரும் தள்ள வேண்டியதில்லை, இழுக்கவும் வேண்டியதில்லை. தன் பாரத்தினாலேயே அது இறங்கி வருகிறது. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள நீண்ட பெயரைச் சுருக்கி, அத்தொழிலில் இருப்பவர்கள் ‘சாக்-டி’ என்று வழங்குகிறார்கள்.

வெறும் பாரத்தை நம்பினால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்று சந்தேகித்தவர்கள் பலர். கிணறு நீளமாகப் படுத்திருந்தால் சொட்டுகள் சேர்ந்து ஓடையாகும் என்பது பட்லரின் கணக்கு. அதை மெய்ப்பிக்க, மாகாண அரசு 1974-இல் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று முன்வந்தது. ஃபோர்ட் மெக்மர்ரி நகருக்கு வடமேற்கே, எண்ணெய் மணலுக்கும் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைவரைக்கும் கிணறுபோன்ற இரண்டு பெரிய வழிகளை இறக்கி, அங்கே சுரங்கப்பாதை குடைந்து, அதற்குள்ளிருந்து மேல்நோக்கி மணலுக்குள் கிணறுகளைத் தோண்டினார்கள். படுக்கைக் கிணறு தோண்டும் கலை அக்காலத்தில் அவ்வளவு தேர்ச்சி பெறாமையால், இப்படித் தலைகீழாகச் செய்ய நேர்ந்தது. 1987-இல் நீராவி செலுத்தப்பட்டது. எண்ணெய் வழிந்து வந்தது. பின்னர், தரையிலிருந்தே படுக்கைக் கிணறு தோண்டும் வித்தை கைவந்தவுடன், 2001-இல் ஃபாஸ்டர் கிரீக் என்னுமிடத்தில் இம்முறை வியாபார அளவில் நடைபெறத் தொடங்கியது. இன்று ஆல்பர்ட்டாவின் சுரங்கங்கள் தருவதைக் காட்டிலும் அதிகமான பிட்டுமெனைத் தருபவை, நீராவி முதலியவற்றால் பூமிக்குள்ளேயே பிரித்தெடுக்கும் கிணறுகள்தாம்.

அரசனுக்குரிய பங்கு

திட்டம் வகுப்போர் தம் கூட்டங்களில் ஒரு நாளைக்கு நூறு முறையாவது உச்சரிக்கும் எண் ஒன்று உண்டு. ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க எத்தனை பீப்பாய்த் தண்ணீரை ஆவியாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதே அந்த எண். அதை ஆவி-எண்ணெய் விகிதம் என்று சொல்லலாம். நல்ல மணலில் அது இரண்டாக இருக்கும். நடுத்தரமான மணலில் மூன்று. நான்கைத் தாண்டினால் முதலாளியின் முகம் வாடத் தொடங்கும்.

இதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். நாளொன்றுக்கு 30,000 பீப்பாய் எண்ணெய் எடுக்கும் நடுத்தரமான திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விகிதம் மூன்றானால், நாள்தோறும் 90,000 பீப்பாய்த் தண்ணீரை, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 43 லட்சம் லிட்டரை, ஆவியாக்க வேண்டும். அதற்கு எரிவாயு எரிக்கவேண்டும். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய ஆயிரம் கன அடி எரிவாயு என்பது தொழிலில் பழகிப்போன கணக்கு. அந்த ஆயிரம் கன அடி வாயுவில் அடங்கிய சக்தியையும், வெளிவந்த ஒரு பீப்பாய் எண்ணெயில் அடங்கிய சக்தியையும் தராசில் வைத்துப் பார்த்தால், முன்னது பின்னதில் சுமார் ஆறில் ஒரு பங்கு.

விளைச்சலில் ஆறில் ஒன்றை அரசனுக்கு இறையாகச் செலுத்துவது பண்டைக்கால வழக்கம் என்று நாம் படித்திருக்கிறோம். எண்ணெய் மணலில் அந்த அரசன் நீராவி. நல்ல நிலத்தில் விகிதம் இரண்டாக அமைந்தால் ஒன்பதில் ஒரு பங்கோடு அவன் திருப்தியடைகிறான், அது செங்கோல். களிமண்ணும் நீரும் கலந்த பொல்லாத நிலத்தில் விகிதம் ஆறாக ஏறினால் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறான், அது கொடுங்கோல். இன்னொரு விபரீதமும் உண்டு. கொதிகலன்களைக் கட்டிய பிறகு அவற்றின் கொள்ளளவு மாறாது. ஆகவே மூன்று என்று எதிர்பார்த்த விகிதம் நான்காக வந்தால், அதே ஆவிக்கு 30,000 பீப்பாய்க்குப் பதில் 22,500 பீப்பாய்தான் கிடைக்கும். வாங்கிய கடனோ அப்படியே இருக்கும்.

இதற்கு உதாரணமாக லாங் லேக் திட்டத்தைச் சொல்லலாம். நாளொன்றுக்கு 72,000 பீப்பாய் பிட்டுமென் எடுப்பதாக உத்தேசித்து, அதிலேயே மிகக் கனமான பாகத்தை வாயுவாக்கி எரித்து எரிவாயுச் செலவையும் மிச்சப்படுத்தலாம் என்று சாமர்த்தியமாக வகுக்கப்பட்ட திட்டம் அது. மேலே உள்ள யந்திரசாலை நிபுணத்துவத்தின் சிகரம். கீழே இருந்த மணலோ எதிர்பார்த்தபடி ஒத்துழைக்கவில்லை. எண்ணெய் குன்றி நீர் மிகுந்த அடுக்குகள் ஆவியைக் குடித்தன. உத்தேசித்த அளவை உற்பத்தி எட்டவே இல்லை. கூட்டாளிகளில் ஒன்றாகிய ஆப்டி கனடா என்ற கம்பெனி, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி 2011-இல் நீதிமன்றத்தை நாடியது. சீன நாட்டு எண்ணெய் ஸ்தாபனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது.

நிலத்தை வாசிப்பது

ஆகையால்தான், திட்டத்தின் முதல் சில ஆண்டுகள் ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்காமல் நிலத்தை வாசிப்பதிலேயே கழிகின்றன. வாசிப்பதற்கு உகந்த பருவம், மனிதன் வெளியே தலைகாட்ட அஞ்சும் குளிர்காலம். அப்பிரதேசத்தில் மஸ்கெக் எனப்படும் சதுப்பு நிலம் கோடையில் லாரியை விழுங்கிவிடும்; டிசம்பர் முதல் மார்ச்சு வரையில் அது கல்லாக உறைந்து கிடக்கும்போதுதான், பனியைக் கெட்டித்துச் சாலை போட்டு, துளையிடும் யந்திரங்களைக் காட்டுக்குள் கொண்டுபோக முடியும். நாற்பது டிகிரி உறைபனிக் குளிரில் கையுறையோடு வெளியே எடுக்கும் மண் உருளைகளே, நாம் முதலில் பார்த்த பெட்டிகளை நிரப்புகின்றன. இரண்டு துளைகளுக்கு இடையில் என்ன இருக்கிறதென்று அறிய, தரையில் அதிர்வை எழுப்பி அதன் எதிரொலியைப் பதிவுசெய்து படம் வரைகிறார்கள்.

வாசிக்கும்போது தேடுவது முக்கியமாக நான்கு. முதலாவது, தடையில்லாத நல்ல மணல் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் கனமாவது இருக்கவேண்டும். மெல்லிய படுகையில் ஆவியின் சூட்டில் பெரும்பகுதி மேலும் கீழுமுள்ள வெறும் பாறைக்குப் போய்விடும். இரண்டாவது, களிமண் தகடுகள். பண்டைய நதி வளைந்து வளைந்து ஓடியபோது, அதன் கரைச்சரிவில் வெள்ளக்காலத்தில் மணலும், நீர் அடங்கிய காலத்தில் வண்டலும் மாறி மாறிப் படிந்தன. அந்த வண்டலே இன்றைய சாம்பல்நிறக் கோடு. ஏறும் ஆவிக்கு அது கூரை. மூன்றாவது, அடிநீர். மணலுக்கு நேர்கீழே நீர் நிறைந்த அடுக்கு இருந்தால் சூடு அதில் இறங்கி வீணாகும். நான்காவது, மேலே தங்கியிருக்கும் எரிவாயு. அந்த வாயுவை முன்னதாகவே ஒருவர் எடுத்து விற்றுவிட்டால், அழுத்தம் குன்றிய அந்த வெற்றிடம் பிற்பாடு ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். இதன் காரணமாகவே 2003-இல் மாகாண ஆணையம், எண்ணெய் மணலுக்கு மேலிருந்த நூற்றுக்கணக்கான எரிவாயுக் கிணறுகளை மூடும்படி உத்தரவிட்டது. வாயுவுக்கு உரியவரும் எண்ணெய்க்கு உரியவரும் அதைப் பற்றி ஆண்டுக்கணக்காக வழக்காடினார்கள்.

நிலம் தேர்ந்தபின் கிணறுகளின் அமைப்பை வரைகிறார்கள். ஓரிடத்தில் மேடை ஒன்று அமைத்து, அங்கிருந்து ஏழெட்டு ஜோடிக் கிணறுகளை விசிறியைப்போல் இறக்கி, பின்பு ஒன்றுக்கொன்று சுமார் நூறு மீட்டர் இடைவெளியில் இணையாகப் படுக்கவைப்பார்கள். ஒவ்வொன்றும் பூமிக்குள் ஒரு கிலோமீட்டர்வரை நீண்டு கிடக்கும். கிணறு வளைந்து படுக்கத் தொடங்கும் இடத்துக்குக் குதிகால் என்றும், கடைசி முனைக்குக் கால்விரல் என்றும் அவர்கள் பாஷையில் பெயர். அடிக்கிணற்றை முதலில் தோண்டிவிட்டு, அதற்கு நேர்மேலே ஐந்து மீட்டர் இடைவெளி பிசகாமல் மற்றதைத் தோண்டுவதற்குக் காந்த சக்தியின் உதவியை நாடுகிறார்கள்; கண்ணில்லாத ஒருவன், தன் கீழே நடக்கும் தோழனின் காலடி ஓசையைக் கேட்டே அடியெடுத்து வைப்பதுபோன்ற காரியம் அது. கிணற்றுக்குள் இறக்கும் குழாயில், மணல் உள்ளே வராமல் எண்ணெய் மட்டும் வரும்படி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள கீறல்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கும்.

ஆவியை உடனே ஒரு கிணற்றில் விட்டு மறு கிணற்றில் எண்ணெயை எதிர்பார்க்க முடியாது. இடையிலுள்ள ஐந்து மீட்டர் மணலும் இறுகிக் கிடக்கிறதே! ஆகவே இரண்டு கிணறுகளிலும் ஏறத்தாழ மூன்று மாத காலம் ஆவியைச் சுழலவிட்டு, நடுவிலிருக்கும் மணலை இளக்குகிறார்கள். அதன் பிறகுதான் வேலை பிரியும். அப்போதும் அவசரம் உதவாது. அடிக்கிணற்றிலிருந்து வேகமாக உறிஞ்சினால், எண்ணெய்க்குப் பின்னால் காத்திருக்கும் ஆவியும் தொடர்ந்து புகுந்து, குழாயை அரித்துப் பாழாக்கிவிடும். எனவே அடிக்கிணற்றின் மேல் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் தேங்கி நிற்கும்படியும், வெளிவரும் திரவம் ஆவியாகும் சூட்டுக்குச் சில டிகிரி குறைவாகவே இருக்கும்படியும் பார்த்துக்கொள்கிறார்கள். இரவும் பகலும் அந்தச் சில டிகிரியைக் காத்துக்கொண்டிருப்பதே இயக்குபவரின் உத்தியோகம்.

மூடியின் பலம்

கொப்பரைக்கு மூடி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் மணலுக்கு மேலுள்ள களிப்பாறை. உள்ளே அழுத்தம் உயர்ந்தால் ஆவியின் சூடும் உயரும், எண்ணெய் விரைவாக இறங்கும். அந்த ஆசைக்கு மூடியின் பலமே எல்லை. ஜாஸ்லின் என்னும் இடத்தில், மணல் அதிக ஆழமில்லாத ஒரு நிலத்தில், 2006-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி அந்த எல்லை மீறப்பட்டது. பூமி வெடித்து, ஆவி வெளியே பீறிட்டு, கல்லையும் மண்ணையும் வாரி இறைத்தது. சுமார் 125 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் உள்ள நிலம் கொத்திப் புரட்டப்பட்டதுபோல் ஆயிற்று. வனாந்தரமாதலால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால் அதன்பின் ஆணையத்தின் பார்வை மாறிவிட்டது. களிப்பாறைக்குள் சிறிய அளவில் நீரைச் செலுத்தி, அது எந்த அழுத்தத்தில் பிளக்கிறது என்று அளந்து காட்டவேண்டும்; ஆழம் குறைந்த நிலத்தில், பிளந்த பாறை மீண்டும் மூடிக்கொள்ளும் அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதிகள் பிறந்தன. இப்போது மூடியின் பலம், திட்டத்தின் முதல் அத்தியாயங்களில் இடம்பெறும் விஷயம்.

ஒரே நீர் பலமுறை

ஒரு கோடிக்கு மேற்பட்ட லிட்டர் தண்ணீரை நாள்தோறும் நதியிலிருந்து எடுத்தால் நதி தாங்காது, அரசும் அனுமதிக்காது. நல்லவேளையாக, அனுப்பிய ஆவி நீராகி எண்ணெயோடு திரும்பி வருகிறது. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மீண்டும் கொதிகலனுக்கே போகிறது. குறைவுபடுவதைப் பெரும்பாலும் பூமிக்கு அடியிலுள்ள உப்புநீரைக்கொண்டு ஈடுசெய்கிறார்கள். ஆனால் திரும்பி வரும் நீர், மணலில் கரைந்த சிலிக்காவையும், எண்ணெய்த் திவலைகளையும் சுமந்து வருகிறது. அதை அப்படியே கொதிக்கவைத்தால், உப்புநீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஏறுவதுபோல் குழாய்களில் கல் பிடித்துவிடும். ஆகையால் முதலில் எண்ணெயைப் பிரித்து, சுண்ணாம்பு சேர்த்துச் சிலிக்காவை இறக்கி, கடினத்தை நீக்கிய பின்னரே கொதிகலனுக்கு விடுகிறார்கள். அந்தக் கொதிகலனும் விசேஷமானது. ஒரே ஓட்டத்தில் செல்லும் நீரில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் ஆவியாக்கி, மீதியை நீராகவே விட்டு, அழுக்கெல்லாம் அந்த நீரோடு அடித்துச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். இத்தகைய திட்டத்தின் யந்திரசாலையை முதன்முறையாகப் பார்க்கிறவர் அதை எண்ணெய் ஆலை என்று நினைக்கமாட்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் என்றே நினைப்பார்.

வெளிவந்த பிட்டுமென் ஆறியவுடன் மறுபடி கெட்டியாகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய லேசான எண்ணெயைக் கலந்தால்தான் குழாய்வழியே எட்மன்டனுக்கோ ஹார்டிஸ்டிக்கோ ஓடும். அந்தக் கலப்பு எண்ணெயின் விலை, உலகச் சந்தை, குழாயில் இடம், மாகாணத்துக்குச் செலுத்தும் உரிமைப்பணம் எல்லாம் கணக்கில் வருகின்றன. போட்ட முதல் திரும்பும்வரை மொத்த வருமானத்தில் 1 முதல் 9 சதவீதமும், அதற்குப்பின் நிகர வருமானத்தில் 25 முதல் 40 சதவீதமும் மாகாணத்துக்கு உரியது. இவை மனிதர் கூடிப்பேசி மாற்றக்கூடியவை. ஆவி விகிதத்தையோ நிலம் மட்டுமே நிர்ணயிக்கிறது.

காட்டில் எழுதப்படும் கணக்கு

இந்தப் பிரதேசம் ஆளில்லாக் காடன்று. 1899-இல் கையெழுத்தான எட்டாவது உடன்படிக்கையின்படி, வேட்டையாடவும் பொறிவைக்கவும் மீன்பிடிக்கவும் உரிமையுள்ள டெனே, கிரீ மக்கள் இங்கே வாழ்கிறார்கள். திட்டம் சமர்ப்பிப்பவர்கள் அவர்களைக் கலந்தாலோசித்தாக வேண்டும். பொறிவைப்பவரின் வழித்தடம் எது, பெர்ரிப் பழம் பறிக்கும் இடம் எது, சவக்குழிகள் எங்கே என்பவை வரைபடத்தில் ஏறவேண்டும். நில அதிர்வைப் பதிவுசெய்வதற்காகக் காட்டை நேர்கோடாக வெட்டிய பாதைகள் இன்னொரு கவலை. மனிதன் போனபின் அந்தப் பாதைகளை ஓநாய்கள் ராஜபாட்டையாக்கிக்கொண்டன. முன்பு பனியிலும் புதரிலும் திண்டாடித் திரிந்த ஓநாய், இப்போது நேராக ஓடிவந்து கரிபு மானை அடிக்கிறது. அருகிவரும் அம்மான் இனம் மேலும் அருகுகிறது. ஆகையால் இப்போது பாதைகளைக் குறுகலாகவும் வளைத்தும் வெட்டுகிறார்கள். பழைய பாதைகளில் கன்று நடுகிறார்கள். ஆவிக் குழாய்களைத் தரைக்கு மேல் தூக்கி அமைக்கும்போது, கடமான் அடியில் புகுந்து போக வழிவிடுகிறார்கள்.

காட்டைப்போல் ஆகாயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பீப்பாய்க்குச் செலவாகும் ஆயிரம் கன அடி எரிவாயுவை எரித்தால் ஏறத்தாழ 55 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. நாம் உதாரணமாகக் கொண்ட 30,000 பீப்பாய்த் திட்டம், எண்ணெயை எவரும் எரிப்பதற்கு முன்பே, நாள்தோறும் 1,600 டன்னுக்கு மேல் கரியமில வாயுவை ஆகாயத்தில் விடுகிறது. வெகுகாலம் இது எந்தக் கணக்கிலும் எழுதப்படாமலிருந்தது. 2007 முதல் மாகாணம், பெரிய ஆலைகளின் புகைக்கு ஓரளவு விலை வைத்தது. அதனால் ஆவி விகிதத்துக்கு ஒரு புதிய கனம் ஏற்பட்டது. முன்பு விகிதத்தைக் குறைத்தவர் எரிவாயுவை மிச்சப்படுத்தினார். இப்போது புகையையும் சேர்த்து மிச்சப்படுத்துகிறார். ஆவியோடு லேசான எண்ணெய்க் கரைப்பானைக் கலந்து அனுப்பி, குறைந்த சூட்டிலேயே பிட்டுமெனை இளக்கும் பரிசோதனைகளுக்குப் பின்னால் இருப்பதும் இந்த இரட்டைச் சிக்கனமே. ஆனால் அந்தச் சிக்கனம் எவ்வளவு வளர்ந்தாலும், பங்கு குறையுமே ஒழிய, அரசன் பங்கு கேட்பதை நிறுத்தமாட்டான். எரித்தாலன்றி இந்த எண்ணெய் அசையாது என்பது அதன் பிறவிக் குணம். எண்ணெய் வேண்டும், புகை வேண்டாம் என்பவர்களுக்கு எந்தத் திட்டக்காரரும் முழு ஆறுதல் சொல்ல இயலாது.

பூமியில் தங்கிவிடும் சூடு

ஒரு மேடையின் கிணறுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். கொதிகலன் ஓயக்கூடாதாகையால், பழைய மேடை தளரும் காலத்துக்குச் சரியாகப் புதிய மேடை ஒன்று தயாராக இருக்கவேண்டும். இப்படி முப்பது நாற்பது ஆண்டுக்கு மேடைகளின் வரிசையை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஓயப்போகும் மேடையில் ஆவியைக் குறைத்து, அதற்குப் பதிலாக எரிவாயுவைச் செலுத்தி அழுத்தத்தைத் தாங்கவைத்து, ஏற்கெனவே மணலில் தேங்கிய சூட்டைக்கொண்டே மிச்சமுள்ள எண்ணெயை வழியச் செய்வது ஒரு தந்திரம். கடைசிச் சொட்டுவரை எடுத்தாலும், மணலிலிருந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதிதான் மேலே வந்திருக்கும். மிகச் சிறந்த நிலத்தில் அதற்குக் கொஞ்சம் மேல்.

பிறகு கிணறுகளைச் சிமெண்டால் அடைத்து, மேடையின் சரளைக்கல்லை வாரி அகற்றி, ஒதுக்கிவைத்திருந்த மேல்மண்ணைப் பரப்பி, மரக்கன்றுகளை நடவேண்டும் என்பது சட்டம். அதோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் பூமிக்குள் அனுப்பிய சூட்டில் பெரும்பகுதி எண்ணெயோடு திரும்பி வரவில்லை. மணலிலும், மேலும் கீழுமுள்ள பாறையிலும் தங்கிவிட்டது. பாறை மிகவும் மெதுவாகவே ஆறும். நட்ட கன்று மரமாகி, அதன் நிழலில் கரிபு மான் பாசியை மேய வந்து நிற்கும் ஐம்பதாவது ஆண்டிலும், அதன் குளம்புக்கு முந்நூறு மீட்டர் அடியில், எவருக்கும் பயன்படாமல், அந்த மணல் இளஞ்சூடாகவே இருக்கும்.